ஏழு மார்க் டூலி

எமில் கோவாக்கிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், அமெரிக்காவில் ஈரி நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கதையைச் சொல்லமாட்டார். "கார்டு யாவாரம்" என்பார். பஸ் அவருக்கும் அவர் மனைவி நாடீனுக்கும் சோறு போட்டது, வீட்டுக்கடனை அடைத்தது, இன்றும் பென்ஷன் தருகிறது. நன்றி கெட்ட மனுஷன், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆட்டக்காரர் படம் அச்சடித்த பழைய பேஸ்பால் கார்டு என்றால் மட்டும் காபி ஆறிப்போகும்வரை பேசுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் கார்டுச் சந்தை கூடும். நீள மேஜைகள், அவற்றின்மேல் கண்ணாடி மூடிய பெட்டிகள், மூலையில் டோனட்டும் தண்ணீராய்க் கிடக்கும் காபியும். எமிலின் மேஜை கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. இடம் கிடைக்காமல் ஒதுங்கியவர் என்று புதிதாக வருகிறவர்கள் பாவப்படுவார்கள். அந்த இடத்தை அவர் சந்தை நடத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்.

"எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் ஒரு தடவை இந்த வழியா வந்துதானே ஆகணும்?" என்பார்.

இந்தத் தொழிலில் இப்போதெல்லாம் கார்டை மார்க் போடும் கம்பெனிக்கு அனுப்பாமல் ஒன்றும் நடக்காது. முகம் தெரியாத ஒருவர் அங்கே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க் போடுவார். அந்த மார்க்கை ஒரு சீட்டில் அச்சடித்து, கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, நான்கு பக்கமும் உருக்கி ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அதைத் தொடமுடியாது, பார்க்கத்தான் முடியும். கறி அடைத்த சாசேஜ் பாக்கெட்டுக்குள் இனாமாக வந்து, பொடியன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகித் தடதடவென்று ஓட்டிய அட்டைக்கு வந்த வாழ்வு அது. இந்த மார்க் சமாச்சாரத்தை ஆரம்பத்தில் எமில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு அவரைப்போல அதை நம்பியவர் யாரும் இல்லை.

கையில் இருக்கும் எதையும் அவர் விற்பார். விற்காதது ஒன்றே ஒன்று. ஹோல்ட்ஸ் என்ற சாசேஜ் கம்பெனி, ஐம்பதுகளில் ஒரே ஒரு கோடைகாலம் மட்டும் போட்ட கார்டு வரிசை. சாசேஜோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் ஏறக்குறைய எல்லாக் கார்டிலும் கொழுப்புக் கறை இருக்கும். கறை இல்லாதது கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றிலும் கஷ்டமானது ஹார்லன் டூலி என்ற பந்துவீச்சாளரின் கார்டு. அந்தக் கோடை பாதியிலேயே டூலியை அவருடைய அணி வேறு ஊருக்குத் தள்ளிவிட்டது. நம்மை விட்டுப் போனவனுக்கு நாம் எதற்குக் காகிதம் செலவழிக்கவேண்டும் என்று ஹோல்ட்ஸ்காரர்கள் அவர் கார்டை நிறுத்திவிட்டார்கள். டூலி நன்றாகப் பந்து வீசினாரா என்பதுகூட இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் கார்டு மட்டும் ஒரு நல்ல காரின் விலைக்குப் போகிறது.

எந்த வரிசை யாரிடம் சிறப்பாக இருக்கிறது என்று மார்க் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் ஊரறியப் போட்டுவைத்திருக்கும். ஹோல்ட்ஸ் வரிசையில் முதல் இடம் எமில் கோவாக். இரண்டாம் இடம் வெண்டல் ப்ரூயிட். அதே ஊர்க்காரர், குழாய் சாமான் கடை வைத்திருந்தவர், நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. மற்றக் கார்டுகளில் இருவரும் ஏறத்தாழ சமம். எமிலின் டூலி ஏழு மார்க், வெண்டலின் டூலி ஆறு. அந்த ஒரு மார்க்கில்தான் எமில் பத்துப் பதினோரு வருஷமாக மேலே உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா? சந்தை நாளில் வெண்டல் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்ததும் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுப்பார்.

"வாய்யா ரெண்டாம் நம்பரு! குளிரெல்லாம் எப்படி இருக்கு, கீழ?"

"ம். காபி இருக்கா?" என்பார் வெண்டல்.

அவ்வளவுதான் பதில். நாற்காலியை எமிலின் மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார். எமில் கிண்டல் செய்துகொண்டே இருப்பார், வெண்டல் டோனட்டைப் பிய்த்துத் தின்றுகொண்டே இருப்பார்.

சென்ற இலையுதிர் காலத்தில் வெண்டல் கிளீவ்லாண்ட் ஏலத்தில் கறையில்லாத ஹோல்ட்ஸ் கார்டுகள் சிலவற்றை வாங்கிப் போட்டார். எமில் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். இருவருக்கும் இடையில் மயிரிழைதான் இருந்தது. இன்னும் ஒரு நல்ல கார்டு வெண்டலுக்குக் கிடைத்தால் முதலிடம் போய்விடும். அன்று அவர் சாப்பிட்டதும் சரியில்லை, தூங்கியதும் சரியில்லை.

பக்கத்து மேஜைக்காரர் கஸ் பெட்ரக்காவிடம் புலம்பினார். கஸ் யோசனை சொல்வதற்கென்றே பிறந்தவர்.

"டூலியை உடைச்சு அனுப்பு" என்றார் கஸ். "அது எட்டு மார்க் கார்டுய்யா. அந்த ஓரத்தைப் பாரு, கத்தி மாதிரி நிக்குது. அந்தக் காலத்துல கஞ்சப்பயலுக ஏழு போட்டானுக."

"கூட்டோடவே அனுப்பினா என்ன? குறைக்கமாட்டாங்களே."

"கூட்டோட அனுப்பினா பழைய மார்க்கைப் பார்ப்பான், அதையே போட்டுத் திருப்பி அனுப்புவான். எவன் மெனக்கெடுவான்? வெறும் கார்டாப் போனாத்தான் புதுசாப் பார்ப்பான்."

இது கஸ் கண்டுபிடித்த யோசனை இல்லை. இந்த ஊர் என்று இல்லை, எந்த ஊர்க் கார்டுக்காரரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார். ஏழு எட்டாகியிருக்கிறது, எட்டு ஒன்பதாகியிருக்கிறது. ஆறானதும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

எமில் சமையலறை மேஜையில் துண்டை விரித்து, கூட்டின் மூலையில் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். நாடீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முதல் இடத்துலதானே இருக்க? அதுக்கு மேல எங்க போகப்போற?" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியலைன்னுதானே கேக்கறேன்."

கூடு விரிந்தது. கார்டு வெளியே வந்தது. எமில் அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எழுபது வருஷத்துக்குப் பிறகும் லேசாகப் புகைபோட்ட கறி வாசனை இருப்பதாக அவருக்குத் தோன்றியது. பழைய சீட்டைத் தூர எறியாமல் பர்ஸில் வைத்துக்கொண்டார். கார்டைத் தபாலில் அனுப்பினார்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்துக்கு மறுநாள், கம்பெனியின் இணையப் பக்கத்தில் முடிவு வந்தது. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை. 'அளவு குறைவு. ஓரம் வெட்டப்பட்டுள்ளது. மார்க் கிடையாது.' எமில் பக்கத்தை மூடிவிட்டுத் திறந்தார். மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். அதே வரிதான்.

கார்டு திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை இன்னொரு ஹோல்ட்ஸ் கார்டின்மேல் பொருத்திப் பார்த்தார். கீழே ஒரு நூல் அளவு குறைந்தது. யாரோ ஒரு புண்ணியவான், மழுங்கிய மூலையை மறைக்க இரும்பு அளவுகோல் வைத்துப் பிளேடு போட்டிருக்கிறான். கம்பெனிக்காரர் அன்று கவனிக்கவில்லை, இன்று கவனித்துவிட்டார். ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்த ஓரம், பிளேடு போட்ட ஓரம். கூட்டை உடைக்காமல் இருந்திருந்தால் அவர் சாகும்வரை அது ஏழு மார்க் டூலிதான். எமிலுக்கு அழுகை வந்தது. எழுபது வயது ஆள், ஓர் அட்டைக்காக, பேஸ்மெண்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதார்.

நஷ்டத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பெயர் போய்விடுமே என்பதுதான் அவரை அரித்தது. இணையப் பக்கத்தில் அவர் வரிசையில் டூலிக்கு எதிரே இப்போது வெற்றிடம், முதலிடத்தில் வெண்டலின் பெயர். அடுத்த சந்தையில் மண்டபமே ஏன் என்று கேட்கும். என்ன சொல்வது? பத்து வருஷம் வெட்டின கார்டை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கீழே உட்காரவைத்துக் கிண்டல் செய்தேன் என்றா?

இதற்கும் கஸ்ஸிடம் யோசனை இருந்தது.

"பழைய சீட்டு உன்கிட்ட இருக்கில்ல? பிட்ஸ்பர்க்லேருந்து ஒரு பல் டாக்டர் வர்றாரு, ஹாஸ்னு பேரு. புதுசா இறங்கியிருக்காரு, டூலிக்கு உசுரை விடுறாரு. சீட்டைக் காட்டு, கூட்டுலேருந்து எடுத்த ஏழுன்னு சொல்லு. பொய்யில்லையே? நல்ல விலைக்குக் கேட்டாரு, குடுத்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்க. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

எமில் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, டாக்டரை வரச்சொல் என்று மட்டும் போனில் சொன்னார்.

டிசம்பர் சந்தையன்று ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டித் தள்ளியது. கூட்டம் குறைவு. வெண்டல் வழக்கம்போல வந்து எதிரே உட்கார்ந்தார். எமில் ரெண்டாம் நம்பரு என்று கூப்பிடவில்லை. வெண்டல் ஏன் என்று கேட்கவுமில்லை, எழுந்து காபி வாங்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஹாஸ் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கம்பளித் தொப்பி, கை கொடுக்கும்போதே சிரிப்பு.

"சார், நீங்கதான் கோவாக்கா? உங்க வரிசையை நெட்டுல எத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

எமில் கார்டை எடுத்து நீட்டினார். சாதாரணப் பிளாஸ்டிக் உறையில்தான் இருந்தது. மற்றக் கை பர்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹாஸ் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கார்டைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடேயப்பா, ஓரம் என்னமா இருக்கு சார்! கத்தி மாதிரி நிக்குது!"

அடுத்த மேஜையில் கஸ் தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். எமில் அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் அவருக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம். முதன்முதலில் அந்தக் கார்டைக் கையில் வாங்கியபோது அவரும் இதைத்தான் சொன்னார், இப்படித்தான் சிரித்தார்.

"வெட்டினது சார்" என்றார்.

"என்னது?"

"ஓரத்தை எவனோ பிளேடால வெட்டியிருக்கான். அதான் அப்படி நிக்குது." குரலைத் தாழ்த்தத்தான் நினைத்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைக் கூவிய தொண்டை தாழவில்லை. "ஏழுன்னு சீட்டு வச்சிருக்கேன். அந்தச் சீட்டு தப்பு. இப்ப அனுப்பினேன், மார்க்கே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வாங்காதீங்க."

ஹாஸ் கார்டை மெதுவாக, ஏதோ சூடான பாத்திரத்தை வைப்பதுபோல, மேஜையில் வைத்தார். "சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வேறு ஏதோ ஒரு மலிவான கார்டை மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போய்விட்டார். கஸ் எமிலைப் பார்க்கவேயில்லை.

வெண்டல் இரண்டு காபியோடு திரும்பி வந்தார். ஒன்றை எமில் பக்கம் தள்ளினார்.

"சொல்லிட்ட போலிருக்கே" என்றார்.

"கேட்டுச்சா?"

"வாசல்ல பனி அள்ளுறவனுக்கே கேட்டிருக்கும்."

வெண்டல் கார்டைக் கையில் எடுத்தார். கண்ணாடி எதுவும் கேட்கவில்லை. டூலியின் சட்டைக் கையில், அச்சடிக்கும்போது மையில் ஒட்டிக்கொண்ட ஒரு நூலிழையின் தடம், வளைந்த கோடாகத் தெரியும். அதன்மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கோடு வேற எந்த டூலியிலயும் கிடையாது. நீ வாங்குறதுக்கு முந்தின வருஷம் மைதானச் சந்தையில ஒரு கிழவன் இந்தக் கார்டை வச்சிருந்தான். கீழ் ஓரம் ஒரு பக்கம் கோணல், மூலை மழுங்கல். விலை கட்டுப்படியாகல, விட்டுட்டேன். அடுத்த வருஷம் உன் கையில பார்க்கறேன், கோணலையும் காணோம், மழுங்கலையும் காணோம்."

எமில் கார்டை அவர் கையிலிருந்து வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"தெரியுமா? அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷம் என் முன்னாடி உட்கார்ந்து டோனட்டு தின்ன?"

"நல்லா இருந்துச்சு, தின்னேன்."

"விளையாடாதய்யா!" எமிலின் காது சிவந்துவிட்டது. "மாசாமாசம் ஊரைக் கூட்டி உன்னைக் கேலி பண்ணியிருக்கேன். நியாயமாப் பார்த்தா நீதான் மேல இருந்திருக்கணும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தியா?"

வெண்டல் காபிக் கோப்பையின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். அவர் நீளமாகப் பேசி அந்த மண்டபத்தில் யாரும் கேட்டதில்லை.

"ஐரீன் செத்துப்போன வருஷம் அது" என்றார். ஐரீன் அவர் மனைவி. "கடையையும் வித்துட்டேன். வீட்டுல டிவி மட்டுந்தான் பேசும். மாசத்துல ஒருநாள் இங்க வருவேன், உள்ள நுழையறப்பவே நீ கத்துவ. எவனோ ஒருத்தன் நம்மளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கான்னு இருக்கும். நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? உன்னை எனக்குத் தெரியாதா? மொத்த வரிசையையும் ஒரே நாள்ல வித்துட்டு வீட்டுல படுத்திருப்ப. அப்புறம் நான் மேல உட்கார்ந்து யாரைப் பார்க்கறது?"

எமில் மேஜைமேல் இருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக நேராக வைத்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. பத்து வருஷமாக அவர் வீசிய கேலியையெல்லாம் இந்த மனுஷன் வாங்கி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. தன்னை இவ்வளவு கவனமாக ஒருவர் வைத்துக்கொண்டிருந்தது தெரியாமலே இருந்துவிட்டோமே என்று இருந்தது.

வெட்டிய கார்டை எடுத்து, உறையின்மேல் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி, 'ஓரம் வெட்டியது' என்று பெரிதாக எழுதினார். சாதாரணக் கார்டுகள் இருக்கும் டப்பாவில் போட்டார். பர்ஸிலிருந்து பழைய சீட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் டூலியை எனக்குக் குடுத்துடுய்யா. நீ கேக்கற விலை."

"மாட்டேன்."

"என் வரிசையில பாதியை எடுத்துக்க."

"முழுசாக் குடுத்தாலும் கிடையாது. செத்தாலும் கிடையாது. உயில்லகூட உன் பேரு வராது."

மூன்று வாரமாக எமிலின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அந்தப் பதிலில் புரண்டது. அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க, கஸ்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். வெண்டல் இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லியிருந்தால் அவர் அன்றே வரிசையை மூட்டை கட்டியிருப்பார்.

"இரு இரு, ரொம்ப ஆடாத" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கயாவது ஒரு சாசேஜ் கடைக்காரன் வீட்டுப் பரண்ல இன்னொரு டூலி கிடக்கும். தேடிப் புடிச்சு உன்னைக் கீழ தள்ளலைன்னா பாரு."

"தேடு" என்றார் வெண்டல். டோனட்டைப் பிய்த்து, பெரிய பாதியை எமிலின் பக்கம் வைத்தார். "ஆனா ரொம்ப சீக்கிரமாக் கண்டுபுடிச்சுடாத."